வாசல் தெளிக்கிறீங்களா... ஒரு நிமிஷம்!

உங்கள் வீட்டு வாசலில் வழுக்கி விழுந்து ஒருவருக்குக் கை கால் முறிந்துபோனால், அது அவருடைய தலையெழுத்தா? அல்லது உங்கள் பொறுப்பா? வீட்டுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டமும் வைத்தியமும்!

மத்தூர் பக்கம் காலை ஐந்து மணிக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். கிருஷ்ணகிரி - திருவண்ணாமலை ரோட்டில் லாரிகள் ஓட ஆரம்பித்திருக்கும். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க, ஷிஃப்டுக்குப் போகிற பெண்கள் டிபன் பையோடு வேகவேகமாக நடந்துகொண்டிருப்பார்கள். பால்காரர் வருவார். பேப்பர் போடும் பையன் வருவான். கோயிலுக்குப் போகிற பாட்டி, தெரு ஓரமாகச் சுவரைப் பிடித்தபடி மெதுவாக வருவார்.

சரியாக அதே நேரத்தில்தான், வீட்டுக்கு வீடு வாசல் பெருக்கி, தண்ணீர் விட்டு, கோலம் போடும் வேலையும் நடக்கும். வெளிச்சம் சரியாக வந்திருக்காது. தெரு விளக்கு எரிந்தால் உண்டு. கீழே ஈரம் இருப்பது கண்ணுக்கே தெரியாது. கால் வைத்த பிறகுதான் தெரியும்!

'இதெல்லாம் ஒரு விஷயமா? காலங்காலமா நாம செய்யறதுதானே?' என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்வி. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நம் பாட்டிகள் வாசலில் தண்ணீர் 'தெளித்தார்கள்'. மண் வாசல், மண் தெரு. புழுதி அடங்குவதற்காகக் கையால் அள்ளித் தெளித்த தண்ணீரை மண் உடனே குடித்துவிடும். நாம் என்ன செய்கிறோம்? சிமென்ட் ரோட்டின் மேல், பளபளக்கும் கல் படியின் மேல், வாளி வாளியாகக் கொட்டுகிறோம். பழக்கம் அதேதான். தரைதான் மாறிவிட்டது!

பளபளப்பில் இருக்கிறது ஆபத்து

கிருஷ்ணகிரி மாவட்டம் மாம்பழத்துக்குப் பேர்போனது. அதற்கு அடுத்தபடியாக கிரானைட். மலையை அறுத்துக் கல்லாக்கி அனுப்பும் ஊரில் இருந்துகொண்டு, வீட்டு வாசலுக்கு கிரானைட் போடாமல் இருக்க முடியுமா? படிக்கட்டு, திண்ணை, வண்டி ஏற்றும் சறுக்கு என்று எல்லா இடத்திலும் பாலிஷ் போட்ட கல்லைப் பதித்துவிடுகிறோம்.

காய்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. ஆனால் பாலிஷ் போட்ட கல்லின் மேல் தண்ணீர் நின்றால், பாதத்துக்கும் கல்லுக்கும் நடுவில் மெல்லிய நீர்ப்படலம் உட்கார்ந்துகொள்கிறது. பிடிமானம் போய்விடுகிறது. அதில் கொஞ்சம் சோப்பு நுரையோ எண்ணெயோ பாசியோ சேர்ந்தால், கேட்கவே வேண்டாம். குளிர் நாடுகளில் நடைபாதையில் உறைந்து கிடக்கும் பனிக்கட்டி செய்கிற அதே வேலையை, நம் ஊரில் இவை செய்கின்றன.

வாசல் தண்ணீர் மட்டுமல்ல. இவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்: மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோய் மாடித் தொட்டி நிரம்பி வழிவது, துணி துவைத்த தண்ணீரைத் தெருவில் விடுவது, பைக் கழுவிய சோப்பு நுரை, சிமென்ட் ரோட்டில் கெட்டியாகக் கரைத்து ஊற்றிய சாணம், மழைக்காலத்தில் பச்சைப் பசேலென்று படர்ந்த பாசி, திறந்தபடி கிடக்கும் சம்ப் மூடி...

ஆயுத பூஜை அன்றைக்கு நடுத்தெருவில் உடைக்கிற பூசணிக்காயை மட்டும் விட்டுவிட முடியுமா? 'ரோட்டில் பூசணிக்காய் உடைக்காதீர்கள், டூவீலர்கள் சறுக்கி விழுகின்றன' என்று போலீஸார் வருஷா வருஷம் சொல்லத்தான் செய்கிறார்கள். திருஷ்டி நம் வீட்டை விட்டுப் போகிறது. விழுகிறவர் வீட்டுக்குள் கஷ்டம் புகுந்துவிடுகிறது!

'நான் என்ன வேணும்னா செஞ்சேன்?'

யாராவது விழுந்துவிட்டால் நம் வாயிலிருந்து முதலில் வருகிற வார்த்தை இதுதான். வேண்டுமென்று செய்யவில்லைதான். ஆனால் சட்டம் கேட்கும் கேள்வியே வேறு. 'இப்படி ஆகலாம் என்று உங்களால் முன்கூட்டியே ஊகித்திருக்க முடியுமா? ஊகித்திருந்தால், தடுக்க நியாயமான அக்கறை எடுத்துக்கொண்டீர்களா?'

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சுவாரஸ்யமான கதை உண்டு. ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊர். 1928-ல் ஒரு பெண்மணி அங்கே ஒரு கடையில் ஜிஞ்சர் பீர் குடித்தார். பாட்டிலுக்குள் அழுகிய நத்தை கிடந்ததாகச் சொல்லி, அதைத் தயாரித்தவர் மேல் வழக்குப் போட்டார். 1932-ல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. அதில் நீதிபதி அட்கின் பிரபு ஒரு விளக்கம் கொடுத்தார். உங்கள் செய்கையால் யார் பாதிக்கப்படக்கூடும் என்று நீங்கள் யோசித்திருக்க வேண்டுமோ, அவரெல்லாம் சட்டத்தின் பார்வையில் உங்கள் 'பக்கத்து வீட்டுக்காரர்'. அவருக்குத் தீங்கு வராமல் நடந்துகொள்வது உங்கள் கடமை.

அப்படிப் பார்த்தால் பால்காரர், பேப்பர் பையன், சிலிண்டர் தூக்கி வருகிறவர், வேலைக்கு வரும் அம்மா, தெருவில் நடக்கும் பாட்டி... அத்தனை பேரும் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான்!

வீட்டுக்கு வருகிறவர்களின் பாதுகாப்புக்கென்றே இங்கிலாந்தில் 1957-ல் தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள். நம் நாட்டில் அதுபோன்ற தனிச் சட்டம் கிடையாது. அதனால் பொறுப்பும் கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். அக்கறைக் குறைவால் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால், நஷ்டஈடு கேட்டு உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக அவருக்கு வழி இருக்கிறது. ஆஸ்பத்திரிச் செலவு, வேலைக்குப் போக முடியாமல் இழந்த சம்பளம், பட்ட வலி, நிரந்தர ஊனம் எல்லாவற்றையும் கணக்கில் கொண்டுவர முடியும்.

மணிக்கூண்டும் மரமும்

நம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது. டெல்லி சாந்தினி சவுக்கில், டவுன்ஹாலுக்கு எதிரே ஒரு மணிக்கூண்டு இருந்தது. ஒருநாள் அது இடிந்து விழுந்து சிலர் இறந்துபோனார்கள். கட்டி ஏறக்குறைய 80 வருஷம் ஆன கட்டடம். அந்தமாதிரிக் கலவையால் கட்டியதன் ஆயுளே 40, 45 வருஷம்தான் என்று நிபுணர் சொன்னார். 'வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லையே' என்ற மாநகராட்சியின் வாதத்தை 1966-ல் சுப்ரீம் கோர்ட் ஏற்கவில்லை. பொதுவழியை ஒட்டிக் கட்டடம் வைத்திருப்பவருக்கு, அதைப் பத்திரமாக வைத்திருக்கும் விசேஷக் கடமை உண்டு. பழுதானது தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்றது கோர்ட்.

தெருவை ஒட்டி நிற்கும் உங்கள் காம்பவுண்டு சுவர், சன்ஷேடு, ஆடிக்கொண்டிருக்கும் கேட் எல்லாம் ஞாபகத்துக்கு வருகிறதா? வரட்டும்!

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ராஜ்கோட்டில் ரோட்டோரம் நின்ற மரம் விழுந்து, நடந்துபோன ஒருவர் இறந்தார். அந்த வழக்கில் 1997-ல் சுப்ரீம் கோர்ட், மாநகராட்சி மேல் பொறுப்பில்லை என்று தீர்ப்பளித்தது. மரம் விழும் என்று நியாயமாக எதிர்பார்த்திருக்க முடியாது என்பது அங்கே முக்கியமான காரணம். ஆக, நடந்த எல்லா விபத்துக்கும் யாராவது ஒருவர் பணம் கொடுத்தே தீரவேண்டும் என்பதில்லை.

உங்கள் வாசலுக்கு வருவோம். நேற்று பெய்த திடீர் மழையில் படி நனைந்திருந்தது என்பது ஒன்று. மூன்று மாதமாகப் பாசி படர்ந்து, ஏற்கெனவே இரண்டு பேர் அங்கே தடுமாறி, 'பாத்து நடங்க' என்று நீங்களே சொல்லிக்கொண்டிருந்தீர்கள் என்பது வேறு. இரண்டாவதில் 'எனக்குத் தெரியாது' என்று எப்படிச் சொல்வீர்கள்?

போலீஸ் வருமா?

ஒரு வாளித் தண்ணீருக்கெல்லாம் போலீஸ் வந்து நிற்காது. பயப்படாதீர்கள். ஆனால் சட்டத்தில் இடமிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன் 285-வது பிரிவைக் கேளுங்கள். ஒருவர் தம் செய்கையாலோ, தம் வசமுள்ள சொத்தைச் சரியாகக் கவனிக்காமல் விட்டதாலோ, பொதுவழியில் யாருக்காவது ஆபத்தோ தடையோ காயமோ ஏற்படுத்தினால், 5,000 ரூபாய் வரை அபராதம்.

இதைவிடக் கடுமையானது 125-வது பிரிவு. பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து வரும்படி அலட்சியமாக நடந்து, அதனால் கொடுங்காயம் ஏற்பட்டால் மூன்று வருஷம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எலும்பு முறிவும் மூட்டு விலகுவதும் சட்டப்படி கொடுங்காயம்தான். மூடாத சம்ப், தெருவில் வெட்டிப் போட்டுவிட்டு வேலி கட்டாத குழி போன்ற அப்பட்டமான அலட்சியத்துக்கு இது பாயக்கூடும்.

இன்னொரு வழியும் உண்டு. பொதுவழியில் இருக்கும் தொல்லையை அகற்றவும், பாதை ஓரத்துக் கிணறு, பள்ளத்துக்கு வேலி போடவும் உத்தரவிட, நிர்வாகத் துறை நடுவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவு அது. பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை சொல்லியும் கேட்கவில்லை என்றால், கோட்டாட்சியருக்கு மனு எழுதலாம். யாரும் விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை!

தெருவை ஆக்கிரமித்துக் கட்டிய படியும் சறுக்கும் இருக்கிறதே, அது தனிக் கதை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 பொதுவழியில் தடை ஏற்படுத்துவதை அனுமதிப்பதில்லை. 'எங்க வீட்டுப் படிதானே' என்று சொல்ல முடியாது. படி உங்களுடையது, இடம் ஊருடையது!

வாடகை வீடு என்றால்?

இடம் யார் கையில் இருக்கிறதோ, யாரால் சரிசெய்ய முடியுமோ, அவரைத்தான் முதலில் கேட்பார்கள். உடைந்த படி, இடியும் சுவர் போன்ற கட்டுமான ரிப்பேர் பொதுவாக வீட்டுச் சொந்தக்காரர் தலையில். வாடகைதாரர் தினமும் கொட்டும் தண்ணீருக்கு வாடகைதாரர்தான் பொறுப்பு. 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது கட்டுமான ரிப்பேரை உரிமையாளருக்கும், சாக்கடை அடைப்பு எடுப்பது போன்றவற்றை வாடகைதாரருக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறது. படி உடைந்திருந்தால் வீட்டுக்காரருக்கு வாயால் சொன்னால் போதாது. தேதி போட்டு எழுதிக் கொடுங்கள்.

விழுந்தவர் மேல் தப்பு இருந்தால்? செல்போனைப் பார்த்துக்கொண்டே வந்து விழுந்தால், அவர் பங்குக்கு நஷ்டஈடு குறையலாம். 'கவனம், வழுக்கும்' என்று போர்டு வைப்பதும் உதவும். ஆனால் சின்னக் குழந்தைக்கும் கண் தெரியாத பெரியவருக்கும் போர்டு என்ன செய்யும், சொல்லுங்கள்?

பிள்ளைகள் பனி நாட்டில் இருக்கிறார்களா?

மகனோ மகளோ அமெரிக்கா, கனடாவில் வீடு வாங்கியிருந்தால், இதை போனில் சொல்லுங்கள். அங்கே வீட்டு முன்னால் விழும் பனியை ஒதுக்கித் தள்ளுவது பல ஊர்களில் வீட்டுக்காரரின் சட்டக் கடமை. நியூயார்க் நகரம் 2003-ல், நடைபாதை விபத்துக்கான பொறுப்பைத் தன்னிடமிருந்து ஒட்டியுள்ள கட்டட உரிமையாளருக்கு மாற்றியது. உரிமையாளரே குடியிருக்கும், மூன்று குடும்பம் வரையுள்ள வீடுகளுக்கு மட்டும் விலக்கு. நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், தனியார் இடத்துப் பனியில் வழுக்கி விழுந்தவர் 60 நாட்களுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இந்த விதி 2021 ஜனவரியிலிருந்து இருக்கிறது. விழுந்த வலியில் நாளைக் கடத்திவிட்டால் உரிமையே போய்விடலாம்!

முதலில் ஆளைக் கவனியுங்கள்!

சட்டம் இருக்கட்டும். ஒருவர் உங்கள் வாசலில் விழுந்துவிட்டார். உடனே இரண்டு பேர் ஓடிவந்து, அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தப் பார்ப்போம் இல்லையா? அதுதான் தப்பு!

அவர் கிடக்கும் நிலையிலேயே பேச்சுக் கொடுங்கள். எங்கே வலி, கை கால் அசைக்க முடிகிறதா என்று கேளுங்கள். கழுத்திலோ முதுகிலோ வலி, கை கால் மரத்துப்போயிருக்கிறது என்றால் அசைக்கவே கூடாது. 108-க்கு போன் செய்யுங்கள்.

வயதானவர் விழுந்து, எழுந்து நிற்க முடியாமல், தொடை இடுக்கில் வலி என்கிறாரா? ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிந்து, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா? இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பின் வலு குறைவதால், நின்ற இடத்தில் விழுந்தால்கூட இது நடக்கும். 'வயசாச்சு, படுத்தே இருக்கட்டும்' என்று மட்டும் முடிவு எடுத்துவிடாதீர்கள். படுக்கையிலேயே கிடந்தால் படுக்கைப் புண், நுரையீரலில் சளி கட்டுவது, காலில் ரத்தம் உறைவது என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். பெரும்பாலானவர்களுக்குச் சீக்கிரம் ஆபரேஷன் செய்து எழுப்பி நடக்க வைப்பதுதான் நல்ல வைத்தியம். ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால், வழியில் காபி, சோடா எதுவும் கொடுக்காதீர்கள்.

கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு முறியும். வளையல், மோதிரத்தை வீங்குவதற்கு முன்னால் கழற்றிவிடுங்கள். அட்டை வைத்துத் துணியால் கட்டி, கையைத் தொட்டில் போலத் தொங்கவிடுங்கள். எண்ணெய் தேய்த்து உருவுவது, இழுப்பது வேண்டவே வேண்டாம். எக்ஸ்ரே எடுக்காமல் எந்தக் கட்டும் போடக்கூடாது. இறுக்கமான கட்டில் விரல்கள் நீலமாகி, மரத்துப்போனால் உடனே ஆஸ்பத்திரி!

தலையில் அடிபட்டு வாந்தி, தூக்கக் கலக்கம், வலிப்பு, காது மூக்கில் ரத்தம் அல்லது நீர் வந்தால் தாமதிக்கக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

விழுந்தவர் நீங்களானால்...

முடிந்தால் அந்த இடத்தை அப்போதே ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். மறுநாள் காய்ந்துவிடும்! பார்த்தவர்களின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் எங்கே, எப்படி விழுந்தீர்கள் என்று உள்ளபடி சொல்லிப் பதிவு செய்யுங்கள். எக்ஸ்ரே, பில், லீவு போட்ட விவரம் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

முதலில் வீட்டுக்காரரிடம் நேரில் பேசிப் பாருங்கள். நாளைக்கும் அதே தெருவில்தானே முகத்தில் விழிக்க வேண்டும்! பேச்சு எடுபடவில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடித்துக்கொண்டால், அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம். அப்பீல் அலைச்சலும் கிடையாது. வழக்குத்தான் என்றால் நாள் கடத்தாதீர்கள். விபத்தில் உயிர் போயிருந்தால், குடும்பத்தினர் இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும்.

இன்றே ஒரு சோதனை

பேனாவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போங்கள்.

* படியிலும் சறுக்கிலும் பாலிஷ் கல்லா? நெருப்புக் காட்டிச் சொரசொரப்பாக்கிய கிரானைட் நம் பக்கத்திலேயே கிடைக்கும். மாற்ற வசதி இல்லையென்றால் கல்லில் குறுக்கே கோடு வெட்டச் சொல்லுங்கள். சொரசொரப்பு டேப்பாவது ஒட்டுங்கள்.

* பாசி இருக்கிறதா? பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, காயவிடுங்கள். அதோடு ஆசிட்டை மட்டும் கலந்துவிடாதீர்கள். வெளிவரும் குளோரின் வாயு நுரையீரலைப் பதம் பார்த்துவிடும்!

* வாசலில் தண்ணீரைக் கொட்டாமல் தெளியுங்கள். கழுவித்தான் ஆகவேண்டும் என்றால், கையோடு தள்ளிவிட்டு வாருங்கள்.

* கோலம் போடும் நேரத்தில் வாசல் விளக்கைப் போட்டு வையுங்கள். மார்கழியில் கண்டிப்பாக!

* மாடித் தொட்டி வழிகிறதா? தானாக நிற்கும் மோட்டார் சுவிட்ச் போடுங்கள். சம்ப் மூடி குழந்தையால் தூக்க முடியாததாக இருக்கட்டும்.

* படியேறும் இடத்தில் ஒரு கைப்பிடிக் கம்பி வையுங்கள். வருகிற பெரியவர்களுக்கு மட்டுமா? நாளைக்கு நமக்கும்தான்.

* பூசணிக்காய் உடைத்தால், அடுத்த நிமிஷமே ஓரமாக அள்ளிப் போடுங்கள்.

* வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால், பிறருக்கு ஏற்படும் காயத்துக்கான பொறுப்பும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாலிசியைப் புரட்டிப் பாருங்கள். பல பாலிசிகளில் அதைத் தனியாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

இதற்கெல்லாம் எவ்வளவு செலவாகும்? ஒரு டேப், ஒரு பல்பு, ஒரு துடைப்பம், ஐந்து நிமிஷம். இடுப்பு முறிந்த ஒருவருக்கு ஆகும் செலவையும், அவர் வீட்டில் யாராவது வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டிய மாதங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சட்டம் தெரிந்துதான் இதைச் செய்ய வேண்டும் என்பதில்லை. நம் வீட்டுப் பாட்டி நடக்கிற தெரு என்று நினைத்துக்கொண்டாலே போதும்!